கயிறு பிடிக்க மச்சான் வருவாரா?

கேள்வி:

வணக்கம் சார். எனக்கு வயது 34, சொந்த ஊர் திருநெல்வேலி. அட்லாண்டாவில் ஐ.டி. வேலை. ஊருக்கு வந்திருந்தபோது புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங்கின் முதல் படியான ஓபன் வாட்டர் கோர்ஸும், அடுத்த வருடம் அந்தமானில் அட்வான்ஸ்டு கோர்ஸும் முடித்தேன். இதுவரை 28 டைவ் ஆகியிருக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் மனைவி, மகளோடு மெக்சிகோவின் துலூம் பக்கம் ஒரு வாரம் போகிறோம். அதில் இரண்டு நாள் ஒதுக்கி, நீருக்கடியில் குகையின் முகப்பு வரை போகக் கற்றுத்தரும் கேவர்ன் கோர்ஸ் படிக்க ஆசை. மனைவியின் அண்ணன் போன வருடம் அங்கே நான்கு குகைகளில் இறங்கிவிட்டு வந்தார். கோர்ஸ் எதுவும் படிக்கவில்லை. "அதெல்லாம் காசு பிடுங்குற வேலை, மாப்பிள்ளை" என்கிறார். அம்மாவோ தாய்லாந்து குகைச் செய்தியை இன்னும் மறக்கவில்லை, போகவே கூடாது என்கிறார். பயிற்சியை எப்படித் திட்டமிடுவது? தொடக்கக்காரருக்கு எந்த இடங்கள் நல்லவை? கோப்ரோ கேமரா எடுத்துப் போகலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

தம்பி, மெக்சிகோ பயணத்தை ரத்து செய்யாதீர்கள். ஆனால் கோர்ஸை அந்த ஒரு வாரத்துக்குள் திணிக்காதீர்கள். அதை முன்கூட்டியே ஃப்ளோரிடாவில் படித்துவிடுங்கள்.

மெக்சிகோ தண்ணீரில் குறை ஒன்றும் இல்லை. கேவர்ன் கற்க அவ்வளவு இதமான தண்ணீர் வேறெங்கும் கிடைப்பது கஷ்டம். என் காரணம் வேறு. இந்தக் கோர்ஸில் முதல் தடவையே தேறிவிடுவோம் என்று சொல்ல முடியாது. தேறாவிட்டால் இரண்டு மாதம் கழித்துப் போய் முடிக்கிற தூரத்தில் வகுப்பு இருக்க வேண்டும். அட்லாண்டாவிலிருந்து வடக்கு ஃப்ளோரிடாவின் ஹை ஸ்பிரிங்ஸ் ஊருக்குக் காரில் ஐந்து மணி நேரம். துலூமுக்கோ விமான டிக்கெட், ஹோட்டல், மகளின் பள்ளி விடுமுறை, எல்லாம் ஒத்துவர வேண்டும். அவ்வளவு செலவு செய்துவிட்டுப் போகிறவனுக்கு, மூன்றாவது டைவில் மனசு 'இன்னைக்கு வேண்டாம்' என்று சொன்னாலும், 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே' என்று இன்னொரு குரல் கேட்கும். தலைக்கு மேலே பாறை இருக்கும்போது அந்த இரண்டாவது குரலைக் காதில் வாங்கக்கூடாது.

நானே முதல் தடவை தேறவில்லை. அப்போது 200 டைவ் தாண்டியிருந்தேன், கடலில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்தேன். தலைக்கனம் கொஞ்சம் இருந்திருக்கும். ஃப்ளோரிடாவில் ஒரு ஊற்று, கோர்ஸின் மூன்றாவது டைவ். பாறை விளிம்பிலிருந்து நீல வெளிச்சம் சாய்வாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. வாயில் மூச்சு விடுகிற ரெகுலேட்டர் மட்டும் இல்லாவிட்டால் வாயைப் பிளந்திருப்பேன். பார்த்துக்கொண்டே இருந்ததில் முட்டி தரையில் உரசியதைக் கவனிக்கவில்லை. வண்டல் எழுந்தது. மூன்று மூச்சு விடுவதற்குள் மோர்ப் பானைக்குள் தலையை விட்ட மாதிரி ஆகிவிட்டது. வாசலுக்கு வழிகாட்டக் கட்டியிருந்த கயிறு, கையில் தொட்டுக்கொண்டிருந்தது, எங்கே என்று தெரியவில்லை. தடவினேன், அகப்படவில்லை. உண்மையில் அது ஓரடி தள்ளித்தான் இருந்தது. ஆசிரியை என் மணிக்கட்டைப் பிடித்துக் கயிற்றின் மேல் வைத்தார். அப்படியே வெளியே வந்தோம். கரையேறி சிலிண்டரைக் கழற்றியதும், நான்கு மாதம் கழித்து வா என்றார். திட்டவில்லை, பாடம் நடத்தவில்லை. தேறியதற்கான கார்டும் தரவில்லை. கோபமாகத்தான் இருந்தது. இன்று நான் அதே வார்த்தையை மாணவர்களிடம் சொல்லும்போது அவர்கள் முகத்தில் அதே கோபத்தைப் பார்க்கிறேன்.

கேவர்ன் என்பது குகையின் முகப்பு. வாசலில் இருந்து வருகிற பகல் வெளிச்சம் கண்ணில் படுகிற வரைக்கும்தான் அது கேவர்ன். வெளிச்சம் மறைந்த இடத்திலிருந்து அது குகை. அதற்குப் படிப்பும் கருவியும் வேறு. அதனால்தான் சூரியன் மறைந்த பிறகு கேவர்ன் டைவ் என்று ஒன்று கிடையாது. மதியம் மூன்று மணிக்கு கேவர்னாக இருந்த அதே அறை இரவு ஏழு மணிக்கு குகையாகிவிடும். எவ்வளவு உள்ளே போகலாம் என்பதற்குப் பயிற்சி தரும் அமைப்புக்கு அமைப்பு கணக்கு மாறும். பேடி அமைப்பு நீர்மட்டத்திலிருந்து இறங்கும் ஆழம், உள்ளே போகும் தூரம் இரண்டையும் கூட்டி 130 அடி என்கிறது. குகை டைவர்களின் சங்கமான என்எஸ்எஸ்-சிடிஎஸ் 200 அடி வரை விடுகிறது. மேலே வரும் வழியில் கட்டாயமாக நின்று காத்திருக்கிற டிகம்ப்ரஷன் நிறுத்தம் வருகிற அளவுக்கு உள்ளே இருக்கக்கூடாது, இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் போக முடியாத சந்தில் நுழையக்கூடாது என்பவை எல்லா இடத்துக்கும் பொது.

இப்போது உங்கள் மச்சான் விஷயம். அவர் பொய் சொல்லவில்லை. மெக்சிகோவின் கிந்தானா ரோ மாநிலத்தில், ஓபன் வாட்டர் கார்டு இருந்தால் வழிகாட்டியோடு செனோட்டேக்களில் இறங்கலாம். சுண்ணாம்புப் பாறையின் கூரை இடிந்து விழுந்து உண்டான கிணறு மாதிரியான நீர்நிலைகளுக்குத்தான் அந்தப் பெயர். மாயா மொழிச் சொல்லை ஸ்பானியர்கள் அப்படி ஆக்கிக்கொண்டார்கள். அங்கே வழிகாட்டி முழுக் குகைப் பயிற்சி பெற்றவராக இருப்பார், ஒரு வழிகாட்டி நான்கு பேருக்கு மேல் கூட்டிப்போகக்கூடாது, ஏற்கனவே கட்டிவைத்த கயிற்றை ஒட்டியே போக வேண்டும். மச்சான் போனது அப்படித்தான். பழனி மலைக்கு விஞ்சில் போய்விட்டு வந்தவர் மலை ஏறினேன் என்றால் நாம் சண்டை போட மாட்டோம், ஆனால் அவரிடம் படி எத்தனை என்று கேட்கவும் மாட்டோம். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள்: உள்ளே போனபோது சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் இருந்தது, எவ்வளவில் திரும்பினீர்கள்? வழிகாட்டிக்கு அந்த எண் தெரியும். மச்சானுக்குத் தெரிந்திருந்தால் அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது வேறு. 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங்கில் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் சிக்கியது மழை வெள்ளம் புகுந்த குகை. கலங்கல் தண்ணீர், கிலோமீட்டர் கணக்கில் நீளம், எங்கேயும் பகல் வெளிச்சம் கிடையாது. சிலிண்டர்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் இறந்த சமன் குனான் தாய்லாந்துக் கடற்படையின் சிறப்புப் படையில் இருந்தவர், நல்ல உடல் வலு உள்ளவர். அந்த இடத்தோடு கேவர்னை ஒப்பிடவே முடியாது. ஆனால் அம்மா பயப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. கடலில் ஏதாவது ஆனால் மேலே போய்விடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு 28 டைவிலும் ஊறிப்போயிருக்கும். கேவர்னில் மேலே பாறை. வந்த வழியாகப் போய்த்தான் மேலே போக முடியும். உடல் வலுவோ, கடல் அனுபவமோ அதற்கு ஈடாகாது. ஃப்ளோரிடாக் குகைகளின் உள்வாசலில் எலும்புக்கூடு படம் போட்ட எச்சரிக்கைப் பலகை ஒன்று இருக்கும். இப்படிப்பட்ட குகைகளில் ஓபன் வாட்டர் ஆசிரியர்கள் உட்பட 300க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கும். அந்த 'ஆசிரியர்கள் உட்பட' என்பதை நான் ஒவ்வொரு தடவையும் நின்று படிப்பேன்.

அந்தச் சாவுகளை உட்கார்ந்து அலசியவர் ஷெக் எக்ஸ்லி. ஃப்ளோரிடாக்காரர். 1979இல் அவர் வெளியிட்ட சிறிய கையேட்டில் சொன்னதைத்தான் இன்றும் எல்லாக் கோர்ஸிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இறந்தவர்கள் திரும்பத் திரும்ப அதே மூன்று தப்புகளைத்தான் செய்திருக்கிறார்கள்: வெளிவாசல் வரை அறுபடாத கயிறு இல்லை, திரும்பி வரக் காற்றை மிச்சம் வைக்கவில்லை, தகுதிக்கு மீறிய ஆழம். பயிற்சியும் விளக்கும் பிறகு இந்தப் பட்டியலில் சேர்ந்தன. எக்ஸ்லியே 1994இல் மெக்சிகோவின் சகதோன் என்ற நீர்ப்பள்ளத்தில் 1000 அடியைத் தாண்ட முயன்றபோது இறந்தார்.

கயிறு பற்றிப் பேச்சு வந்ததால் ஊர்க்கதை ஒன்று. என் தாத்தா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். கண்ணாடி, சிலிண்டர் எதுவும் கிடையாது, இடுப்பில் கயிறு, காலில் கல். அந்தக் கயிற்றின் மறுமுனையைத் தோணியில் பிடித்திருப்பது மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் கரையில் சொல்வார்கள். அண்ணன் தம்பியை நம்பாதவன்கூட மச்சானை நம்புவான், ஏனென்றால் தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது. கேவர்னில் மேலே தோணி கிடையாது. கயிறு இழுக்க ஆளும் கிடையாது. அந்த மச்சான் வேலையைச் செய்ய, கயிறு சுற்றிய ஒரு ரீலும் சில முடிச்சுகளும்தான்.

கோர்ஸில் பாதி நேரம் இந்த ரீலோடுதான் போகும். நேராக மேலே போக முடிகிற திறந்த தண்ணீரில் முதல் முடிச்சு. உள்ளே நுழைந்தவுடன் இரண்டாவது முடிச்சு. அதற்குப் பிறகு கயிறு தொய்யாமல், ஆள் நுழைய முடியாத இடுக்குக்குள் கயிறு மட்டும் போய் விழாமல், அங்கங்கே பாறையில் ஒரு சுற்று. கேட்கச் சுலபம். முதல் நாள் இதைத் தண்ணீரில் செய்ய விடமாட்டார்கள். பூங்காவில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் வளையம் போட்டுக் கயிற்றைத் தொட்டபடி நடக்கச் சொல்வார்கள். பக்கத்தில் பார்பிக்யூ போடுகிற குடும்பங்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். சிரிக்கட்டும். இந்தத் தரைப்பயிற்சியைத் தவிர்க்கிற ஆசிரியரிடம் நீங்கள் பணம் கட்ட வேண்டாம்.

அடுத்தது காற்றுக் கணக்கு, மூன்றில் ஒரு பங்கு விதி. சிலிண்டரில் காற்றழுத்தம் 3000 பிஎஸ்ஐ இருக்கிறது என்று வையுங்கள். 1000 உள்ளே போக, 1000 வெளியே வர. மீதி 1000 உங்களுடையது இல்லை, கூட வருகிறவருடையது. நீங்கள் இருவரும் உள்ளே கடைசிப் புள்ளியில் இருக்கும்போது அவர் காற்று மொத்தமும் போய்விட்டால், இரண்டு பேர் வெளியே வர வேண்டிய காற்று உங்கள் ஒரு சிலிண்டரில் இருந்தாக வேண்டும். அதனால் 2000 காட்டியதும் திரும்பல். எண் சரியாக வகுபடாவிட்டால் கீழ்ப்பக்கமாக வகுபடுகிற எண்ணை எடுக்க வேண்டும்: 2850 இருந்தால் 2700ஐ மூன்றாக்கி 900, ஆக 1950இல் திரும்பல். இருவரில் யார் முதலில் அந்த எண்ணைத் தொடுகிறாரோ அவருக்காக இருவரும் திரும்ப வேண்டும். இதுவும் இருப்பதிலேயே குறைந்த அளவுதான். பயந்தவன் மூச்சு இரண்டு மடங்கு வாங்கும், அதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அதனால் புதிதாக வருகிறவர்களை நான் இன்னும் முன்னாலேயே திருப்பிவிடுவேன்.

கட்டை விரலை உயர்த்தினால் டைவ் முடிந்தது, வெளியே போகிறோம் என்று அர்த்தம். நம் ஊரில் அது 'சூப்பர்' என்பதால் புதியவர்கள் உற்சாகத்தில் காட்டிவிட்டு, எல்லோரும் திரும்பிப் போவதைப் பார்த்து விழிப்பார்கள். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் காட்டலாம். காரணம் கேட்கக்கூடாது. கரையேறிய பிறகும் கிண்டல் கூடாது. இந்த ஒரு வழக்கத்துக்காகவே குகை டைவர்களை எனக்குப் பிடிக்கும்.

சரி, தயாரிப்பு. கோர்ஸுக்குப் பதிவு செய்யும் முன் எண்ணிக்கையை 28லிருந்து 50 பக்கம் கொண்டுபோங்கள். விதிப்படி அட்வான்ஸ்டு கார்டு போதும். 50 என்பது என் சொந்த அளவு. எண்ணிக்கையைவிட அந்த டைவ்களில் என்ன செய்கிறீர்கள் என்பது முக்கியம். அட்லாண்டாவைச் சுற்றி இரண்டு மூன்று மணி நேரத்தில் டைவிங்குக்குத் திறந்துவிட்ட பழைய கல்குவாரிகள் உண்டு. பார்க்க ஒன்றும் இருக்காது, மூழ்கடித்த பழைய பஸ் ஒன்றும் நாலு கெளுத்தியும்தான். பயிற்சிக்கு அதுதான் வசதி. 15 அடியில் படுத்த வாக்கில், முட்டி மடக்கி, கையை ஆட்டாமல் மூன்று நிமிடம் நில்லுங்கள். மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் இருக்க முடிகிறதா? முடிந்தால் அப்படியே முகக்கண்ணாடியைக் கழற்றி மாட்டுங்கள். அதுவும் சரியாக வந்தால் ரீலைக் கையில் எடுத்துச் சுற்றுங்கள். கையில் ஒரு வேலை வந்ததும் மிதப்பு கெட்டுப்போவதை அப்போது பார்ப்பீர்கள். கேவர்னில் விபத்து அங்கேதான் தொடங்குகிறது.

காலை மேலும் கீழும் அடிக்கிற கடல் உதையை மறந்துவிட்டு, தவளை மாதிரி பக்கவாட்டில் உதைக்கப் பழகுங்கள். அடித்த தண்ணீர் பின்பக்கம் போக வேண்டும், தரைக்குப் போனால் வண்டல் எழும். பின்னோக்கி நீந்தவும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், வரும்போது வரட்டும். இன்னொன்று: நீங்கள் இதுவரை இறங்கியது பெரும்பாலும் கடல். நன்னீரில் அதே எடையைக் கட்டினால் பாரமாகிவிடும். இரண்டு கிலோ அளவு குறைக்க வேண்டிவரும். இதைக் குவாரியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், கேவர்னில் வைத்துக் கண்டுபிடிக்கக்கூடாது. இரண்டு மூன்று இரவு டைவும் செய்யுங்கள். விளக்கால் பேசப் பழகலாம்.

கருவியை இப்போதே வாங்கிக் குவிக்காதீர்கள். ஆளுக்கு இரண்டு விளக்கு, கயிறு வெட்டும் சிறு கத்தி, காலில் மாட்டுகிற உறுதியான துடுப்பு, ஏழடிக் குழாய் பூட்டிய ரெகுலேட்டர் என்று பட்டியல் நீளும். ஆசிரியர் எந்த அமைப்பில் சொல்லிக்கொடுக்கிறார் என்று தெரிந்த பிறகு வாங்கினால் போதும், முதல் கோர்ஸுக்குப் பலர் வாடகைக்கே தருவார்கள். ஸ்நார்க்கல் மூச்சுக்குழாயை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், கயிற்றில் மாட்டிக்கொள்வதைத் தவிர அதற்கு உள்ளே வேலை இல்லை.

ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் நேரத்தை அதிகம் செலவழிக்க வேண்டும். கார்டில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறது என்பதை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. தொலைபேசியில் அரை மணி நேரம் பேசுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை மாணவர்? இரண்டு என்றால் நல்லது. வகுப்பு இல்லாத நாள்களில் அவர் தனக்காகக் குகைக்குப் போகிறாரா? கடைசியாக ஒரு மாணவருக்குக் கார்டு தராமல் அனுப்பியது எப்போது? இந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலை வைத்தே நான் முடிவு செய்துவிடுவேன். ஒரு கடையில் ஒருமுறை என்னிடம் 'எங்களிடம் எல்லோருமே பாஸ்' என்று பெருமையாகச் சொன்னார்கள். அப்படிச் சொல்கிற இடத்தில் நீச்சல் கண்ணாடிகூட வாங்க வேண்டாம். கோர்ஸ் பொதுவாக இரண்டு மூன்று நாள், குறைந்தது நான்கு டைவ். மூன்று நாள் என்று சொல்பவரை எடுங்கள்.

இடங்கள். ஹை ஸ்பிரிங்ஸுக்குப் பக்கத்தில் சான்டா ஃபே ஆற்றங்கரையில் ஜின்னி ஸ்பிரிங்ஸ் என்று தனியார் பூங்கா இருக்கிறது. அதன் முக்கிய ஊற்றுக்குள் பால்ரூம் என்கிற அறை. கோர்ஸுக்கு முன்பே ஒரு வார இறுதியில் நீங்கள் போக வேண்டியது இங்கேதான். ஓபன் வாட்டர் கார்டோடு இறங்க அனுமதிக்கிற அரிதான கேவர்ன் இது. ஆழம் 50, 60 அடி, தரை பெரும்பாலும் கெட்டிப் பாறை, வண்டல் பயம் குறைவு. அறையின் பின்கோடியில் குகை தொடங்கும் இடத்தில் இரும்புக் கம்பித் தடுப்பு போட்டு மூடியிருக்கிறார்கள், ஆசைப்பட்டாலும் அதற்கு மேல் போக முடியாது. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், பூமிக்குள்ளிருந்து வருகிற தண்ணீர் முகத்தில் அறைந்து உங்களைக் கொடி மாதிரி பறக்கவிடும். எத்தனை தடவை போனாலும் நான் ஒரு நிமிடம் அங்கே சிறுபிள்ளை ஆகிவிடுவேன்.

அதே பூங்காவில் டெவில்ஸ் ஊற்றுகள் இருக்கின்றன. குகை நீளமாக உள்ளே போகிற இடம். அங்கே பயிற்சி இல்லாதவர்கள் விளக்கு எடுத்துப் போகவே தடை. விளக்கு இல்லாதவன் இருட்டுக்குள் போக மாட்டான் என்கிற எளிய கணக்கு. உங்கள் பாக்கெட்டில் சின்ன டார்ச் இருந்தால் அதையும் காரில் வைத்துவிடுங்கள்.

அங்கிருந்து தெற்கே வில்லிஸ்டன் ஊரில் இரண்டு இடங்கள். டெவில்ஸ் டென் கூரையில் ஓட்டை விழுந்த வட்டக் குகைக்குள் கிடக்கிற குளம், ஆழம் 54 அடி. தலைக்கு மேல் பாறை இருப்பது மனசுக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க நல்ல இடம், ஆனால் விடுமுறை நாளில் கூட்டம் பொங்கும். புளூ குரோட்டோ பெரியது, 100 அடி வரை இறங்கும். 30 அடியில், தண்ணீரிலிருந்து தலையை நீட்டிப் பேசிக்கொள்ள, காற்று அடைத்த மணி வடிவக் கூடு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆழம் இருப்பதால் இதை நான் இரண்டாவதாக வைப்பேன். தண்ணீரின் தெளிவு பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்பும் முன் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

கோர்ஸின் நடுவில் ஆசிரியர் உங்களை பீகாக் ஸ்பிரிங்ஸ் மாநிலப் பூங்காவின் ஆரஞ்சு குரோவுக்குக் கூட்டிப்போகலாம். மேலே பச்சைப்பாசி மூடிய குட்டை மாதிரி இருக்கும், ஊரில் பார்த்தால் எருமை குளிப்பாட்டுகிற இடம் என்போம். அதை விலக்கிக்கொண்டு கீழே போனால் கண்ணாடி. அங்கே வண்டல் உண்டு, தப்பு செய்தால் உடனே தெரியும். ஆசிரியர் இல்லாமல், அல்லது தகுந்த கார்டு இல்லாமல் அங்கே இறங்கக்கூடாது.

ஃப்ளோரிடா ஊற்றுகளில் தண்ணீர் வருடம் முழுக்க 22 டிகிரி செல்சியஸ். கேட்க இதமாக இருக்கும், நாற்பது நிமிடம் அசையாமல் மிதந்தால் பல் தந்தியடிக்கும். ஏழு மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் உடையும் தலைமூடியும் வேண்டும். ஓட்டம் உள்ளிருந்து வெளியே இருப்பதால் போகும்போது உழைப்பு, வரும்போது தண்ணீரே தள்ளிவிடும். அது சாதகம். ஆனால் பெருமழைக்குப் பிறகு சான்டா ஃபே, சுவானி ஆறுகள் பெருகினால் தேநீர் நிற ஆற்றுநீர் ஊற்றுகளுக்குள்ளேயே திரும்பிப் போகும். அந்த வாரம் வகுப்பு நடக்காது. குளிர்காலக் கடைசியில் இது அடிக்கடி நடக்கும், நவம்பர் பொதுவாகப் பத்திரம்.

ஆகவே செப்டம்பரில் குவாரி, அக்டோபரில் குடும்பத்தோடு ஜின்னியில் ஒரு வார இறுதி, நவம்பரில் கோர்ஸ். தேங்ஸ்கிவிங் வாரத்தில் பூங்கா நிரம்பிவிடும், அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை லீவு போடுங்கள். ஆசிரியரை இப்போதே பேசி வையுங்கள். தேறவில்லை என்றால் ஜனவரியில் மறுபடி. ஒன்றும் குடிமுழுகிவிடாது.

டிசம்பரில் மெக்சிகோ. கார்டு வந்திருந்தாலும் வராவிட்டாலும் வழிகாட்டியோடு இரண்டு நாள் இறங்குங்கள். முதல் டைவ் காசா செனோட்டே. கடலை ஒட்டி, சதுப்புமர வேர்களுக்கு நடுவே திறந்த தண்ணீர், எடை சரிபார்க்க ஏற்றது. மனைவியும் மகளும் மேலே ஸ்நார்க்கல் செய்யலாம். சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு செனோட்டேயில் இறங்கக்கூடாது, மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுத்து தோஸ் ஓஹோஸ். ஆழம் 30 அடிதான். பார்பி கயிறு என்று ஒரு தடம் உண்டு, வழியில் பொம்மை முதலை ஒன்று பார்பியைக் கடித்துக்கொண்டிருக்கும். யாரோ குறும்புக்காரர் வைத்தது. அங்கே நீங்கள் பார்க்கப்போகிற கல்தூண்கள் எல்லாம் காற்றில் சொட்டுச்சொட்டாக வளர்ந்தவை. பனியுகத்தில் கடல் மட்டம் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தபோது அந்தக் குகைகள் காய்ந்து கிடந்தன. துடுப்பு பட்டு முறிந்தால் மறுபடி வளராது, தண்ணீருக்கடியில் அது வளர்வதே நின்றுவிட்டது. தவளை உதையை நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சாக் மூல் செனோட்டேயில் நன்னீர் மேலேயும் உப்புநீர் கீழேயும் அடுக்காக நிற்கும். இரண்டும் சேருகிற இடத்தில் பார்வை கண்ணாடியில் எண்ணெய் தடவியது போலக் கலங்கும். உப்புநீருக்குள் இறங்கியதும் உடம்பு லேசாகி மேலே தூக்கும், எதிர்பார்த்து இருங்கள். தி பிட், ஆங்கெலிட்டா இரண்டின் படங்களும் இணையத்தில் மயக்கும். 100 அடி ஆழத்தில் ஹைட்ரஜன் சல்பைடு மேகமாக நிற்கிற ஆழக்கிணறுகள் அவை. இந்த டிசம்பரில் வேண்டாம். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் முழு ஒரு நாள் விட்டுவிடுங்கள், அன்றைக்குக் குடும்பத்தோடு துலூமின் பழைய மாயா நகர இடிபாடுகளைப் பார்க்கலாம்.

கோப்ரோ கோர்ஸில் கூடாது. கோர்ஸுக்குப் பிறகு பத்து கேவர்ன் டைவ் வரைக்கும்கூட வேண்டாம் என்பேன். படம் எடுக்கிறவன் கயிற்றைப் பார்ப்பதில்லை. வெளிச்சத்தை வேடிக்கை பார்த்ததற்கே நான் நான்கு மாதம் அபராதம் கட்டினேன்.

கோர்ஸுக்கு ஜோடி வேண்டும். தெரியாத ஆளோடு சேர்த்துவிடுவார்கள், அதிலும் தப்பில்லை. ஆனால் மச்சானும் அமெரிக்காவில்தான் இருக்கிறார் என்றால் அவரையும் நவம்பரில் இழுத்துக்கொண்டு போங்கள். பணம் நீங்களே கட்டுங்கள், காசு பிடுங்குகிற வேலை என்று அப்போது சொல்ல முடியாது. முதல் நாள் மரத்துக்கு மரம் கயிறு கட்டும்போது ரீலை அவர் கையில் கொடுக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போங்கள்.